மாணிக்கம் அரிப்பதும் நிறமூர்த்தம் பிரிப்பதும்

இரத்தினபுரிக்குச் செல்வோர், வயல்களின் நடுவே மரச்சட்டமிட்டுத் தோண்டிய குழிகளையும், அவற்றின் அருகே நீரில் நின்று மூங்கிற் கூடைகளைச் சுழற்றும் ஆடவரையும் காண்பர். குழியின் அடியிலிருந்து வெளிவரும் பரல்மண்ணுக்குச் சிங்களத்தில் இல்லம என்று பெயர். அதனைக் கூடையிலிட்டு நீரில் அமிழ்த்திச் சுழற்றுங்கால், இலேசான சேறும் மணலும் விளிம்பு வழியே ஓடிவிடும். பாரமான கற்கள் கூடையின் நடுவே தங்கிவிடும். நீலக்கல், தன் அளவுள்ள சாதாரண மணற்கல்லைப் போல் ஒன்றரை மடங்கு பாரமானது. அந்த வேற்றுமை ஒன்றே போதும். நீரும் கையும் எஞ்சிய வேலையைச் செய்துவிடுகின்றன. கடைசியில், கண் தேர்ந்த ஒருவர் கூடையை வெயிலுக்குச் சாய்த்துப் பார்த்து, நிறமுள்ள கல்லைப் பொறுக்கி எடுப்பார்.

அதே மாவட்டத்தின் மலைச்சரிவுகளில் வேறொரு தெரிவு நடைபெறுகின்றது. தேயிலைத் தொழிற்சாலையில் உலர்ந்து வரும் தூளில் இலையும் இருக்கும், காம்பும் நாரும் இருக்கும். முற்காலத்தில் பெண்கள் வரிசையாக அமர்ந்து, சுளகிற் பரப்பிக் காம்பைக் கையால் பொறுக்கினர். பின்னர் மின்னேற்றம் பெற்ற உருளைகள் வந்தன. கம்பளியில் உரசிச் சுழலும் அவ்வுருளைகள், இலையை விட்டுவிட்டு நாரைத் தம்பால் இழுத்துக்கொள்ளும். இப்பொழுது நிறம் பார்க்கும் யந்திரமும் உண்டு. தூள் மழைபோல் விழும். விழும் ஒவ்வொரு துணுக்கையும் ஒளிக்கண் பார்க்கும். வெளிறிய காம்பு தென்பட்ட கணத்தில் காற்றின் ஒரு சிறு வீச்சு அதனை அப்பால் தள்ளிவிடும்.

ஒளியாற் பார்த்தல், மின்னேற்றத்தால் இழுத்தல் என்னும் இவ்விரண்டையும் ஓரிடத்திற் சேர்த்தால், மனித உடலின் மிக நுண்ணிய பொருள்களுள் ஒன்றை வகைப்படுத்தும் கருவி கிடைக்கின்றது. அப்பொருள் நிறமூர்த்தம். ஆங்கிலத்தில் புளோ சைற்றோமெற்றி என வழங்கும் அம்முறையைத் தமிழில் பாய்வுக் கல அளவீடு எனலாம்.

நம் உடலின் கலங்களுள் பெரும்பாலானவற்றின் கருவினுள் 46 நிறமூர்த்தங்கள் உள. தாய்வழி 23, தந்தைவழி 23. இந்த எண்ணிக்கையே நெடுங்காலம் பிழையாக இருந்தது. மனிதனுக்கு 48 நிறமூர்த்தங்கள் என்றே முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பாடநூல்கள் கூறின. யாவாத் தீவிற் பிறந்த யோ ஹின் ஜியோ என்பவரும், சுவீடன் நாட்டு லண்ட் பல்கலைக்கழகத்தின் அல்பேட் லெவன் என்பவரும் நுணுக்குக்காட்டியில் தெளிவாக எண்ணி, 46 தான் என 1956 இல் அறிவித்தனர். எண்ணுவதே இத்துணை இடர்ப்பாடாயின், அவற்றை வகைவகையாகப் பிரித்தெடுத்துக் குப்பியில் அடைப்பது எவ்வளவு கடினம் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

பிரித்தெடுப்பதன் பயன் யாது? ஒரு மனிதனின் டி.என்.ஏ. முழுவதும் ஏறத்தாழ 310 கோடி எழுத்துக்களால் ஆன ஒரு பெருநூல் எனக் கொண்டால், அந்நூல் 24 வகைச் சுவடிகளாகக் கட்டப்பட்டுள்ளது. ஒன்று முதல் இருபத்திரண்டு வரை எண்ணிட்டவை இருபத்திரண்டு. எக்ஸ், வை என்பன இரண்டு. நோயொன்றுக்குக் காரணமான எழுத்துப்பிழை எக்ஸ் சுவடியில் இருக்கின்றதென்று தெரிந்த பின்னும், 24 சுவடிகளையும் அவிழ்த்து ஒன்றாகக் குவித்து வைத்துத் தேடுவது வீண் வேலை. அந்த ஒரு சுவடியை மட்டும் தனியே எடுக்க முடியுமாயின், தேடலின் பாரம் இருபதில் ஒரு பங்காகக் குறையும்.

அதனை எடுக்கும் வழி, அச்சுத் தொழிலுக்கு அண்டையில் பிறந்தது. அமெரிக்காவின் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில் ரிச்சட் ஸ்வீற் என்பவர், மைத்தாரையைத் துளிகளாக உடைத்து, ஒவ்வொரு துளிக்கும் வேண்டியவாறு மின்னேற்றம் கொடுத்து, தாளில் வேண்டிய இடத்தில் விழச் செய்யும் பதிகருவி ஒன்றை அமைத்தார். லொஸ் அலமொஸ் ஆய்வுகூடத்தில் இருந்த மக் புல்வைலர் அதனைக் கண்டார். மைக்குப் பதிலாகக் கலங்கள் மிதக்கும் நீரைச் செலுத்தினால் என்ன என்று எண்ணினார். 1965 இல் அவரது கலம் பிரிக்கும் கருவி பற்றிய கட்டுரை வெளிவந்தது. லொஸ் அலமொஸ், முதல் அணுகுண்டு ஆக்கப்பட்ட இடம். கதிர்வீச்சு மனித உடலுக்கு என்ன தீங்கு செய்கின்றது என அறியவேண்டிய கடப்பாடும் அதே ஆய்வுகூடத்தின் மேல் விழுந்திருந்தது. உயிரியலின் ஓர் அரிய கருவி அங்கே பிறந்தமைக்கு அதுவும் ஒரு காரணம்.

புல்வைலரின் கருவி கலத்தின் பருமனை மட்டுமே அளந்தது. ஒளிரும் சாயம் ஊட்டிய கலங்களை ஒளியின் அளவு கொண்டு பிரிக்கும் கருவியை ஸ்ரான்போட்டில் லெனாட் ஹெர்சன்பேர்க் குழுவினர் அடுத்த சில ஆண்டுகளில் அமைத்தனர். கலத்தைப் பிரிக்க இயலுமெனில், கலத்துள் இருக்கும் நிறமூர்த்தத்தையும் பிரிக்க இயலாதா? லொஸ் அலமொஸிலும் கலிபோணியாவின் லிவர்மோர் ஆய்வுகூடத்திலும் இருந்தவர்கள் இவ்வினாவை எடுத்துக்கொண்டனர். 1975 இல் சீன வெள்ளெலியின் நிறமூர்த்தங்கள் பிரிக்கப்பட்டன. அவை தொகையிற் குறைந்தவை, பருமனில் வேறுபட்டவை, ஆதலின் எளியவை. 1979 இல் மனிதனின் முறை வந்தது.

இனி, அவ்வேலை நடக்கும் விதம். நிறமூர்த்தம் எப்பொழுதும் திரண்ட உருவில் இருப்பதன்று. கலம் இரண்டாகப் பிரியும் வேளையில் மட்டுமே அது சுருண்டு, தடித்து, கையாளத் தக்க உருவைப் பெறுகின்றது. ஆகவே, வளர்ப்புக் கலங்களைப் பிரியும் தறுவாயில் நிறுத்திவைத்தல் வேண்டும். அதற்குப் பயன்படுவது கொல்கிசின் என்னும் நஞ்சு, அல்லது அதன் உறவுப் பொருள். இந்நஞ்சு தமிழருக்குப் புதியதன்று. சங்கப் புலவர்கள் மகளிர் விரலுக்கு உவமை கூறிய காந்தளின் கிழங்கில் இருப்பது இதுவே. கார்த்திகைப்பூக் கிழங்கை உண்டு இறந்தோரைப் பற்றி இலங்கை வைத்தியர்கள் நன்கறிவர். பிரியும் கலத்தில் நிறமூர்த்தங்களை இருபுறமும் இழுக்கும் கதிர்களை அது கட்டவிடாது தடுக்கின்றது. மனிதனைக் கொல்லும் அதே செயல், ஆய்வுகூடத்துக் குப்பியில் கலத்தை வேண்டிய கணத்தில் நிறுத்தும் கடிவாளமாகின்றது.

நிறுத்திய கலங்களை உப்புக் குறைந்த நீரில் ஊறவைத்தால் அவை பொருமும். பின் சவர்க்காரம் போன்ற ஒரு பொருளால் மென்சவ்வை உடைத்து மெல்லக் குலுக்க, நிறமூர்த்தங்கள் வெளிப்பட்டு நீரில் மிதக்கும். இப்படிநிலையே யாவற்றினும் இடர் மிகுந்தது. வலிந்து குலுக்கினால் அவை அறுந்துபோகும். தயங்கிக் குலுக்கினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டியாகும். யந்திரம் எத்துணைச் சிறந்ததாயினும், இங்கே கை பிழைத்தவர் பின்னால் எதையும் சீர்செய்ய இயலாது. இல்லமத்தைச் சரியாகக் கரைக்காதவன் கூடையைச் சுழற்றி என்ன பயன்?

அடுத்தது சாயம். ஒரு சாயம் மட்டும் ஊட்டினால், எந்த நிறமூர்த்தத்தில் டி.என்.ஏ. மிகுதி, எதிற் குறைவு என்பது மாத்திரமே தெரியும். அளவில் ஒத்தவை பல இருப்பதால் அது போதாது. ஆகவே இரண்டு சாயங்கள் ஊட்டப்படுகின்றன. டி.என்.ஏ. நால்வகை எழுத்துக்களால் ஆனது. ஹொயெக்ஸ்ற் 33258 என்னும் சாயம் அடினினும் தைமினும் செறிந்த இடங்களை நாடும். குரோமோமைசின் ஏ3 என்பது குவானினும் சைற்றோசினும் செறிந்த இடங்களை நாடும். இருபத்தோராம் நிறமூர்த்தமும் இருபத்திரண்டாம் நிறமூர்த்தமும் அளவில் ஏறத்தாழ ஒன்றே. எனினும் பின்னதில் குவானினும் சைற்றோசினும் மிகுதி. எனவே இரண்டாம் சாயத்தில் அது கூடுதலாக ஒளிர்ந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும். நிறமூர்த்தங்களுக்குப் பருமன் வரிசைப்படி எண்ணிட்டபோது இருபத்தொன்று இருபத்திரண்டினும் பெரியதென்று கருதினர். உண்மையில் மிகச் சிறியது இருபத்தொன்றே. பிழை தெரிந்த பின்னும் எண் மாற்றப்படவில்லை.

சாயமூட்டிய நிறமூர்த்தங்கள், மனித மயிரின் தடிப்பளவேயான துவாரத்தின் வழியே, தூய நீரால் சூழப்பட்ட மெல்லிய இழையாகச் செலுத்தப்படும். வெளிநீர் வேகமாகப் பாய, உள்ளிழை ஒடுங்கி, நிறமூர்த்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வரிசை கொள்ளும். அவ்வரிசையின் குறுக்கே இரண்டு லேசர்க் கதிர்கள் பாயும். ஒன்று ஊதாக் கடந்த ஒளி, மற்றது நீலம். கடந்து செல்லும் நிறமூர்த்தம் இரண்டு நிறங்களிற் கணப்பொழுது மின்னும். அம்மின்னல்களின் அளவைக் கருவி குறித்துக்கொள்ளும்.

துவாரம் விநாடிக்குப் பல்லாயிரம் தடவை அதிர்ந்துகொண்டிருக்கும். அவ்வதிர்வால் தாரை சற்றுக் கீழே ஒரே அளவான துளிகளாக உடையும். லேசர் பார்த்த இடத்துக்கும் துளி உடையும் இடத்துக்கும் இடையே ஒரு சிறு தாமதம் உண்டு. அத்தாமதத்தைக் கணக்கிட்டு, விரும்பிய நிறமூர்த்தம் அடங்கிய துளி பிரிந்து விழும் அந்தக் கணத்தில் மட்டும் தாரைக்கு மின்னேற்றம் கொடுக்கப்படும். துளி அவ்வேற்றத்தைச் சுமந்துகொண்டு, சில ஆயிரம் வோல்ற்று அழுத்தமுள்ள இரண்டு தகடுகளின் இடையே விழும். இடப்புறமோ வலப்புறமோ வளைந்து குப்பியைச் சேரும். ஏற்றமற்ற துளிகள் நேரே கழிவுக்குச் செல்லும். ஒரு துளியில் இரண்டு நிறமூர்த்தங்கள் அகப்பட்டுவிட்டனவா? தயவின்றி அதுவும் கழிவுக்கே.

அளந்த ஒவ்வொன்றையும் ஒரு புள்ளியாகத் தாளில் இட்டால், புள்ளிகள் கூடிச் சிறு முகில்களாகத் திரளும். ஏறக்குறைய ஒவ்வொரு வகைக்கும் ஒரு முகில். ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்னும் நான்கு மட்டும் ஒரே முகிலாகக் கலந்து நிற்கும். இம்முறையால் அவற்றைப் பிரிக்க இயலவில்லை. அதற்கு வேறொரு உபாயம் கண்டனர். வெள்ளெலிக் கலத்தோடு மனிதக் கலத்தை இணைத்தால், அக்கலப்பு மெல்ல மெல்ல மனித நிறமூர்த்தங்களை இழந்துகொண்டு போகும். வேண்டிய ஒன்று எஞ்சியிருக்கும் கலத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். வேறொரு நயமும் இப்படத்தில் உண்டு. சிலரிடத்தில் இருபத்தோராம் எண்ணுக்கு ஒன்றன்று, இரண்டு முகில்கள் தோன்றும். தாய் தந்ததும் தந்தை தந்ததும் அளவில் சிறிது வேறுபட்டிருப்பதே காரணம். பெற்றோர் இருவரும் அருகருகே நிற்கும் படம் அது.

முந்திய யந்திரங்கள் விநாடிக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் நிறமூர்த்தங்களைப் பார்த்தன. அவற்றுள் வேண்டிய ஒரு வகை விநாடிக்கு ஐம்பது கிடைத்ததென்று வைத்துக்கொண்டால், பத்து இலட்சம் சேர்க்க ஐந்தரை மணி நேரம் செல்லும். பத்து இலட்சம் இருபத்தோராம் நிறமூர்த்தங்களில் உள்ள டி.என்.ஏ. எவ்வளவு? ஒரு மில்லிகிராமின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. இரத்தினபுரிக் குழியில் ஒரு பருவம் முழுவதும் அரித்தும் கல் எதுவும் காணாதவர்க்கு இக்கணக்குப் புரியும்.

அந்த அற்ப அளவே பெரும்பயன் தந்தது. டுசென் தசையழிவு நோய் என்பது ஆண் குழந்தைகளை வருத்துவது. ஏறத்தாழ நாலாயிரம் ஆண் குழந்தைகளுள் ஒருவரைத் தாக்குவது. நன்றாக ஓடித்திரிந்த மகன் நாலைந்து வயதில் படியேறத் தடுமாறுவான். தரையிலிருந்து எழும்போது தன் தொடைகளின் மேல் கையூன்றித் தன்னைத் தானே ஏறுவான். பத்துப் பன்னிரண்டு வயதளவில் நடையிழப்பான். பெரும்பாலும் அக்குறை தாயின் எக்ஸ் நிறமூர்த்தம் ஒன்றில் ஒளிந்திருந்து மகனுக்கு வருகின்றது. தாய்க்கோ வெளிப்படையான நோய் பெரும்பாலும் இராது. மலைத்தோட்டமொன்றில், லயத்துக்கும் பாடசாலைக்கும் இடையே நூறு படிகள் உள்ள இடத்தில், அத்தகைய மகனைச் சுமந்து ஏறும் தாய் கேட்கும் கேள்வி ஒன்றே: அடுத்த குழந்தைக்கும் இது வருமா? 1980 வரையில் உலகின் எந்த வைத்தியராலும் அதற்குத் தக்க விடை கூற இயலவில்லை.

இலண்டன் சென் மேரீஸ் வைத்தியசாலையில் பணியாற்றிய கே டேவிஸ் என்னும் பெண் விஞ்ஞானியும் அவர்தம் துணைவர்களும், பாய்வு முறையால் பிரித்த எக்ஸ் நிறமூர்த்தங்களின் டி.என்.ஏ.யைத் துணுக்குகளாக்கி, 1981 இல் ஒரு தொகுதி அமைத்தனர். அத்தொகுதியிலிருந்து எடுத்த ஒரு துணுக்கு, டுசென் நோய் உள்ள குடும்பங்களில் நோயோடு சேர்ந்தே தலைமுறைக்குத் தலைமுறை இறங்கிவருவதை 1982 இல் கண்டனர். நோயின் மரபணு அதுவன்று. அதன் அயல்வீடு போன்றது. தெரு தெரிந்த பின் வீட்டைக் காண நெடுங்காலம் வேண்டுமோ? 1986 இல் அமெரிக்காவில் லூயிஸ் குங்கெல் குழுவினர் அம்மரபணுவை எட்டினர். நோயைத் தீர்க்கும் மருந்து அத்தோடு கிடைத்துவிடவில்லை. ஆனால் தாயின் கேள்விக்கு விடை கிடைத்தது.

1983 இல் லொஸ் அலமொஸும் லிவர்மோரும் சேர்ந்து, மனித நிறமூர்த்தம் ஒவ்வொன்றுக்கும் இத்தகைய தொகுதியை ஆக்கி, உலகின் ஆய்வாளர்களுக்கு வழங்கும் பணியைத் தொடங்கின. 1999 இல் முதன்முதலாக எழுத்தெழுத்தாகப் படிக்கப்பட்ட மனித நிறமூர்த்தம் இருபத்திரண்டாவது. அதற்குப் பயன்பட்ட துணுக்குகளுள் லிவர்மோரின் தொகுதியிலிருந்து வந்தவையும் உண்டு.

வேறொரு பயனும் விளைந்தது. பிரித்தெடுத்த ஒரு வகை நிறமூர்த்தத்தின் டி.என்.ஏ.க்கு நிறமூட்டி, மற்றொருவரின் கலத்தின் மேல் இட்டால், அது தன் இனத்தையே தேடிச்சென்று ஒட்டி, அதற்கு மட்டும் வண்ணம் தீட்டும். 1988 இல் வந்த இம்முறைக்கு நிறமூர்த்த வண்ணந்தீட்டல் எனப் பெயர். டி.என்.ஏ.யைப் பெருக்கும் முறை வந்த பின், முந்நூறு ஐந்நூறு நிறமூர்த்தங்களே ஒரு வண்ணத்துக்குப் போதுமாயின.

இவ்வண்ணம் கேளையாட்டின் புதிர் ஒன்றையும் அவிழ்த்தது. சிங்கராஜ வனம் முதலிய சப்பிரகமுவக் காடுகளில் குரைக்கும் ஓசையால் அறியப்படும் மான் அது. அதன் நெருங்கிய உறவினமாகிய இந்தியக் கேளையாட்டுப் பெண்ணுக்கு 6 நிறமூர்த்தங்களே உள, ஆணுக்கு 7. சீனக் கேளையாட்டுக்கோ 46. கேம்பிரிட்ஜில் பேகுசன்-சிமித் குழுவினர் ஒன்றின் நிறமூர்த்தங்களைப் பிரித்து மற்றொன்றின் மேல் தீட்டிப் பார்த்தபோது, பழைய சிறு நிறமூர்த்தங்கள் முனையோடு முனை பொருந்தி நெடுஞ்சங்கிலியானமை வண்ணப் பட்டைகளாகத் தெரிந்தது. எழுத்து அழியவில்லை, கட்டு மாத்திரமே மாறியது.

மனிதரிலும் கட்டு மாறுவதுண்டு. ஒரு நிறமூர்த்தத்தின் துண்டு மற்றொன்றோடு இடம் மாறி ஒட்டியிருக்கலாம். எழுத்துக் குறையாமையால் அவருக்கு எக்கேடும் இராது. ஆயின் குழந்தைக்குப் பாதியைப் பங்கிடும்போது துண்டு கூடியோ குறைந்தோ போகும். கரு நிலைக்காது கலையும். சிலபோது குறையோடு பிறக்கும். அடுத்தடுத்துக் கருச்சிதைவுறும் தம்பதிகளில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து வரையானோரில் ஒருவரிடம் இத்தகைய இடமாற்றம் காணப்படுகின்றது. அவ்வொருவர் மனைவியாகவே இருக்கவேண்டும் என்பதில்லை, கணவனாகவும் இருக்கலாம். மூன்று முறை கரு கலைந்த பெண்ணை ஊரார் என்ன சொல்லி ஏசுவர் என்பது தோட்டத்திலும் பட்டினத்திலும் யாவரும் அறிந்ததே. ஏச்சுக்குச் சாத்திரமும் உண்டு, செய்வினைக் கதையும் உண்டு. கணவனின் இரத்தத்தைப் பரிசோதிக்க வேண்டும் என்ற பேச்சு மட்டும் அரிதாகவே எழும்.

எழுத்துக்களை நேரே படிக்கும் செலவு மிகக் குறைந்துவிட்டமையால், மனித நிறமூர்த்தங்களைப் பிரிக்கும் தேவை இப்பொழுது முன்போல் இல்லை. யந்திரத்தின் பெருவேலை கோதுமைக்குச் சென்றது. ஏனெனில் கோதுமையின் நூல் மனிதனுடையதைப் போல் ஐந்து மடங்கு நீளமானது. 21 வகை நிறமூர்த்தங்களில், ஒன்றையொன்று ஒத்த மூன்று படிகளாக எழுதப்பட்டது. செக்கு நாட்டின் ஒலமொக் நகரில் யாரொஸ்லாவ் டொலெஷெல் குழுவினர் முளைவேர் நுனிகளிலிருந்து அவற்றைப் பிரித்து, பல நாட்டாருக்குப் பங்கிட்டனர். 2018 இல் கோதுமையின் முழு நூலும் வெளிவந்தது. தோட்டத்து அடுப்பில் காலையில் வேகும் ரொட்டியின் மாவுக்குப் பின்னால் இவ்வளவு கதை. தேயிலைக்கோ 30 நிறமூர்த்தங்களே. அதன் எழுத்துக்கள் ஏறத்தாழ மனிதனின் அளவு. 2017 இல் இத்தகைய பிரிப்பு இன்றியே அது படிக்கப்பட்டது.

இலங்கையில், கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் 1983 இல் மனிதப் பரம்பரையியல் அலகு நிறுவப்பட்டது. நிறமூர்த்தப் பரிசோதனைக்கு வேண்டுவது சில மில்லிலீற்றர் இரத்தம். அதிலுள்ள வெண்கலங்களை ஏறத்தாழ மூன்று நாள் வளர்த்து, பிரியும் தறுவாயில் நிறுத்தி, சாயமூட்டிக் கண்ணாடித் தகட்டில் எண்ணுவர். இடமாற்றம் ஐயத்துக்குரியதாயின் வண்ணம் தீட்டிப் பார்க்கலாம். அவ்வண்ணம் சிறு குப்பியில் விலைக்கு வரும் பொருள். இரத்தம் இரண்டு குழாய்களில் எடுக்கப்படல் வேண்டும்: ஒன்று மனைவியுடையது, மற்றது கணவனுடையது.